கோபர் கேஸ் ஏன் புளிக்கிறது?



சாணத்தில் இருந்து எரிவாயு எடுக்கலாம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். எழுதினால் மார்க்கும் கிடைக்கும். ஆனால் நன்றாக ஓடிய கலன் திடீரென்று ஏன் படுத்துவிடுகிறது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் பெரியப்பா வீட்டுக் கலன்தான்.

அது 2 கன மீட்டர் அளவுள்ள 'தீனபந்து' கலன். 1984-இல் அஃப்ரோ நிறுவனம் உருவாக்கிய வடிவம். மண்ணுக்கடியில் செங்கல் குவிமாடம். பழைய மாடலில் இருந்த இரும்பு டிரம் இதில் கிடையாது, ஆகவே துருத் தொல்லை இல்லை. தினமும் சுமார் 50 கிலோ சாணத்தை அதே அளவு தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். 1 கிலோ சாணத்துக்கு ஏறக்குறைய 40 லிட்டர் வாயு கிடைக்கும். 1 கன மீட்டர் வாயு சுமார் 0.43 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். கணக்குப் போட்டுப் பாருங்கள், பதினாறு பதினேழு நாளைக்கு ஒரு சிலிண்டர் மிச்சம்!

சென்ற ஆண்டு வீட்டில் காதுகுத்து. மீந்த சோறு, சாம்பார், பாயசம் எல்லாவற்றையும் "வீணாகப் போவானேன்" என்று இரண்டு அண்டா கலனுக்குள் ஊற்றிவிட்டார்கள். (ஊற்றச் சொன்னதே நான்தான். டிப்ளமோ படிக்கிற பையன் சொன்னால் கேட்க மாட்டார்களா?) நாலாம் நாள் வாயு நிறைய வந்தது, ஆனால் அடுப்பு பற்றவேயில்லை. பெரியம்மா மறுபடி விறகடுப்புக்குப் போய்க் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்கு முகத்தைக் காட்ட முடியவில்லை.

லேபில் கேட்டு பி.எச். தாள் வாங்கிப் போய்ப் பார்த்தேன். 7-ஐ ஒட்டி இருக்க வேண்டிய கரைசல் 5-க்கும் 6-க்கும் நடுவில் நின்றது. காரணம் இதுதான். கலனுக்குள் இரண்டு கூட்டம் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. முதல் கூட்டம் உணவைச் சிதைத்து அமிலமாக்கும். இது வேகமாகப் பெருகும். இரண்டாவது கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும். இது மெதுவாகத்தான் பெருகும், காற்றுப் பட்டாலும் புளிப்பு ஏறினாலும் முடங்கிவிடும். சாணம் என்பது மாடு ஏற்கெனவே சத்தை எடுத்துக்கொண்ட மிச்சம், மெல்லத்தான் சிதையும். சோறு அப்படியல்ல. கிலோவுக்குக் கிலோ சாணத்தைவிட அதிக வாயு தரக்கூடியதுதான், ஆனால் ஒரேயடியாகக் கொட்டினால் அமிலம் மலைபோல் சேரும். அப்போது வருவது பெரும்பாலும் கரியமில வாயு. அது எங்கே எரியும்?

ஒரு வாரம் தீனியை நிறுத்தினோம். பிறகு பக்கத்துத் தோட்டத்தில் நன்றாக ஓடிய கலனின் கழிவுக் கரைசலைக் குடம் குடமாக ஊற்றினோம். சுண்ணாம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். தினமும் பி.எச். பார்த்தேன். மூன்றாவது வாரம் நீலச் சுடர் வந்தது.

இன்னொரு விஷயம். வாயு எரிகிறதா என்று அடுப்பில் மட்டுமே பார்க்க வேண்டும். கலன் வாயிலில் தீக்குச்சி கிழிக்கவே கூடாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்திருந்தால் வெடிக்கும்.

இப்போது பெரியம்மா கழுநீரில் தினமும் இரண்டு சொம்பு மட்டும் சாணத்தோடு கரைக்கிறார்கள். மீதி மாட்டுக்கு.