ஒரு பெயர், இரு பொருள்

உங்கள் வகுப்பில் செல்வி என்ற பெயரில் இருவர் இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? தந்தை பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து, க. செல்வி, மு. செல்வி என்று அழைப்பார். வெறுமனே 'செல்வி' என்றால் இருவரும் எழுந்து நிற்பார்கள். குழப்பம் உடனே தெரிந்துவிடும். கணிப்பொறியில் அப்படியல்ல. பின்னால் வந்தவர் முன்னவரின் இடத்தில் ஓசைப்படாமல் உட்கார்ந்துகொள்வார்!

இதைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் காண்போம். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட மொழி அது. அதில் ஒன்றோடொன்று தொடர்புள்ள சார்புகளையும் மாறிலிகளையும் ஒரு கட்டாகச் சேர்த்து வைத்திருப்பார்கள். இக்கட்டுக்கு மாட்யூல் என்று பெயர். 'மேத்' என்ற மாட்யூலில் வர்க்கமூலம், சைன், பை முதலியவை உள்ளன. வேண்டும்போது 'இம்போர்ட்' என்ற ஆணையால் அவற்றை வரவழைக்கலாம்.

நாம் எழுதும் ஒவ்வொரு நிரலுக்கும் தனிப் பெயர்ப்பட்டியல் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் ஒரு பெயருக்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும். எனவே, இம்போர்ட் செய்யும்போது எந்தெந்தப் பெயர்கள் பட்டியலில் ஏறுகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

மூன்று வழிகள்

(ஆணைகளைக் கணிப்பொறியில் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.)

1. இம்போர்ட் மேத்: 'மேத்' என்ற ஒரு பெயர் மட்டும் ஏறும். உள்ளே இருப்பவற்றை மேத்.பை, மேத்.ஈ என்று முன்பெயரோடு அழைக்க வேண்டும்.

2. ஃப்ரம் மேத் இம்போர்ட் பை: 'பை' மட்டும் ஏறும். 'மேத்' என்ற பெயர் ஏறாது. ஆகவே, இந்த ஒரு வரியை மட்டும் எழுதிவிட்டு மேத்.ஈ என்று கேட்டால் பிழைச் செய்தி வரும்.

3. ஃப்ரம் மேத் இம்போர்ட் *: அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்கள் நீங்கலாக, எல்லாப் பெயர்களும் ஏறிவிடும்.

மூன்றாவது வழி சுலபம்தான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது!

எலெக்ட்ரானுக்கு இவ்வளவு ஆற்றலா?

100 வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும் ஓர் எலெக்ட்ரான் பெறும் ஆற்றலைக் கணக்கிடுவோம். எலெக்ட்ரான் மின்னூட்டத்தின் அளவை 'ஈ' என்ற ஆங்கில எழுத்தால் குறிப்பது இயற்பியல் வழக்கம். முதல் வரியில் ஈ = 1.602 × 10⁻¹⁹ கூலும் என்று கொடுக்கிறோம். அடுத்த வரியில் 'ஃப்ரம் மேத் இம்போர்ட் *' என்று எழுதுகிறோம். மூன்றாவது வரியில் ஈ × 100 எவ்வளவு என்று கேட்கிறோம். 1.602 × 10⁻¹⁷ ஜூல் வரவேண்டும் அல்லவா? ஆனால் 271.8 என்று வருகிறது!

ஏன்? இயற்கை மடக்கையின் அடிமானமான 2.718-க்கும் கணிதத்தில் 'ஈ' என்றே பெயர். அது மேத் மாட்யூலில் இருக்கிறது. இரண்டாவது வரியில் உள்ளே வந்து, நம் மின்னூட்டத்தை வெளியே தள்ளிவிட்டது. கணிப்பொறி எந்த எச்சரிக்கையும் தரவில்லை. 271.8 ஜூல் என்பது ஒரு கிலோகிராம் கல்லை ஏறத்தாழ 28 மீட்டர் உயரம் தூக்கப் போதுமான ஆற்றல்!

இந்தத் தவறு பெரியது; கண்ணில் பட்டுவிடும். சிறிய தவறோ பதுங்கியிருக்கும். பைத்தானில் எதையும் இம்போர்ட் செய்யாமலே 'பவ்' என்ற அடுக்குச் சார்பு கிடைக்கும். அது 3-இன் 40-ஆம் அடுக்கைக் கடைசி இலக்கம் வரை சரியாகத் தரும்: 12157665459056928801. மேத் மாட்யூலிலும் ஒரு 'பவ்' உண்டு. அது பட்டியலில் ஏறிய பிறகு கேட்டால் 1.2157665459056929 × 10¹⁹ என்றே வரும். கடைசி மூன்று இலக்கங்கள் போயே போயின! விடை சரிபோலத் தோன்றுவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இதற்குப் பரிகாரம் நாம் முன்பே அறிந்ததுதான்: முதலெழுத்தைச் சேர்த்து அழைப்பது! 'இம்போர்ட் மேத்' என்று எழுதினால் மேத்.ஈ வேறு, நம் ஈ வேறு. இரண்டும் அருகருகே சண்டையின்றி வாழும். மாட்யூலின் பெயர் நீளமாக இருந்தால் 'ஆஸ்' என்ற சொல்லால் அதற்குச் சுருக்கப் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

செய்து பாருங்கள்

கலப்பெண்களுக்கு 'சிமேத்' என்ற மாட்யூல் உண்டு. அதிலும் மேத்திலும் வர்க்கமூலச் சார்புக்கு ஒரே பெயர். இரண்டையும் நட்சத்திரக் குறியுடன் வரவழைத்து, -4-இன் வர்க்கமூலத்தைக் கேளுங்கள். பிறகு இரு வரிகளையும் முன்பின்னாக மாற்றிக் கேளுங்கள். ஒருமுறை பிழைச் செய்தியும் மறுமுறை 2ஜே என்ற கற்பனை எண்ணும் கிடைக்கும். எந்த வரிசைக்கு எது என்பதைச் செய்து பார்ப்பதற்கு முன்பே சொல்ல முடிகிறதா?