தொட்டி மீன்களின் வயிற்று நோய்கள்: அறிதலும் தீர்த்தலும்

ஆடு மாடுகளுக்கு நோய் வந்தால் அவை கத்தும். தீனியைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்ளும். கண்ணாடித் தொட்டியில் வளரும் மீனுக்கு அந்த வழியும் இல்லை. வாயிருந்தும் அது வாயில்லாப் பிராணி. அதன் வயிற்றில் என்ன கோளாறு என்பதை நாம்தான் பார்த்து அறிய வேண்டும். மீனின் உணவு மண்டலத்தைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண் பெறுகிறோம். ஆனால் உயிருள்ள மீன் ஒன்று செரிமானமின்றித் தவிக்கும்போது என்ன செய்வது என்று அறிந்திருக்கிறோமா? அதற்கு விடை காணும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

இதைச் செல்வந்தர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடலாகாது. சென்னை கொளத்தூர்ப் பகுதியில் வண்ண மீன் வளர்ப்பையும் விற்பனையையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. எங்கள் குடும்பமும் மீனை நம்பியதே. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். என் பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் என் தாயார் சிமெண்டுத் தொட்டிகளில் வளர்க்கும் தங்க மீன்களிலிருந்தே வருகின்றன. ஒரு தொட்டி மீன் செத்தால் எங்களுக்கு ஒரு மாத வரவு போயிற்று என்று பொருள்.

இரைப்பை இல்லாத மீன்

தங்க மீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்து மீன்களுக்கு உண்மையான இரைப்பை கிடையாது. விழுங்கிய உணவு தொண்டைப் பற்களால் அரைபட்டு, நேரே நீண்ட குடலுக்குள் செல்கிறது. சேர்த்து வைத்துச் செரிக்கப் பை இல்லாததால், ஒரே நேரத்தில் நிறையத் தின்றால் குடல் திணறுகிறது. மீனோ போட்டதையெல்லாம் தின்னும். போதும் என்று சொல்லாது. ஆகவே சிறிது சிறிதாக, இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீரும் அளவே இட வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது தொட்டிக்குள் எழுத்துக்கு எழுத்து உண்மை. மிஞ்சிய தீனி அழுகி அம்மோனியாவாகிறது. நீரின் வெப்பமும் காரத்தன்மையும் கூடக்கூட அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடுகிறது. 20 டிகிரி செல்சியசு வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிசன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராமே கரையும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதிகத் தீனி இருமடங்கு கேடு என்பதை இதிலிருந்து உணரலாம்.

மலம் சொல்லும் செய்தி

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் மீன் வளர்ப்போர் மலத்தைப் பார்க்க வேண்டும். நலமுள்ள மீனின் மலம் உண்ட தீனியின் நிறத்தை ஒட்டி, குட்டையாக, எளிதில் அறுந்து கீழே விழும். அது மாறுபடும்போது கீழ்க்கண்ட நோய்களை எண்ணிப் பார்க்கலாம்.

1. மலச்சிக்கல்: வயிறு உப்பியிருக்கும். மலம் நீண்ட கயிறுபோல் பின்னால் தொங்கும். தங்க மீனின் காற்றுப்பை ஒரு குழலால் உணவுக்குழாயோடு இணைந்துள்ளது. குடல் உப்பினாலும், மிதக்கும் தீனியோடு காற்றை விழுங்கினாலும், மீன் சமநிலை தவறித் தலைகீழாக மிதப்பதுண்டு. இதற்கு முதல் மருந்து பட்டினி. இரண்டு மூன்று நாட்கள் தீனி இடாமல் நிறுத்தினால் வளர்ந்த மீனுக்குத் தீங்கில்லை. பின்னர் வேகவைத்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணியை நசுக்கிச் சிறிது தரலாம். தேவையானால் தனித் தொட்டியில் 20 லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி பேதி உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேட்டு, கரைத்து அதில் மீனை விடலாம். இதைச் சமையல் உப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உலர் தீனியைத் தொட்டி நீரில் ஊறவைத்து இடுவது நோய் வராமல் காக்கும்.

2. ஓரணு ஒட்டுண்ணி நோய்: ஏஞ்சல் மீன், டிஸ்கசு மீன் ஆகியவற்றில் மிகுதி. மலம் வெண்மையாக, சளிபோல் நீளும். மீன் தீனியை வாயில் வாங்கித் துப்பும்; வயிறு ஒட்டி, முதுகு கத்திபோல் மெலியும். ஸ்பைரோநியூக்ளியசு போன்ற கசையிழை உயிரிகள் குடலில் பெருகுவது இதற்குக் காரணமாகலாம். ஆனால் பட்டினி கிடக்கும் மீனும் வெள்ளைச் சளியையே வெளியேற்றும். எனவே நிறத்தை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. புதிதாக விழுந்த மலத்தில் சிறிது எடுத்து, தொட்டி நீர் ஒரு துளியோடு கண்ணாடித் தகட்டில் வைத்து, உடனே நுண்ணோக்கியில் காண வேண்டும். பேரிக்காய் வடிவில் மிக விரைந்தோடும் உயிரிகள் திரளாகத் தெரிந்தால் ஐயமில்லை. இதற்கு மெட்ரோனிடசோல் தரப்படுகிறது. ஒரு கிராம் தீனிக்கு 10 மில்லிகிராம் வீதம் கலந்து ஐந்து நாட்கள் தருவது வழக்கம். இது அலங்கார மீனுக்கு மட்டுமே. மனிதர் உண்ணும் மீனுக்குத் தரலாகாது.

3. கமல்லானசு புழு: கப்பி, மோலி முதலிய குட்டி போடும் மீன்களில் அடிக்கடி காணலாம். மீன் அசையாமல் நிற்கும்போது மலத்துளையிலிருந்து சிவப்பு நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இவை குடற்சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும் உருளைப்புழுக்கள். ஆட்டுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் லெவமிசோல் இதற்கும் பயன்படுகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் கலந்து, விளக்கை அணைத்து, 24 மணி நேரம் வைத்திருந்து, பின் அடியில் விழுந்த புழுக்களோடு நீரை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் மறுமுறையும் செய்வது நலம். ஒரு மீனில் கண்டால் அத்தொட்டி மீன்கள் அனைத்திற்கும் மருந்து தேவை.

வயிறு பெருத்ததெல்லாம் வயிற்று நோயன்று. முட்டை நிறைந்த பெண் மீனும் பெருத்திருக்கும்; ஆனால் அது சுறுசுறுப்பாகத் தின்னும். செதில்கள் அன்னாசிப் பழம்போல் சிலிர்த்து நின்றால் அது நீர்க்கோவை. உடலுள் நீர் தேங்கும் அந்நிலையில் சிறுநீரகம் பழுதுற்றிருக்கக் கூடும். பிழைப்பது அரிது, பட்டாணியால் தீராது.

மருந்துக்கு முன்

எங்கள் தெருவில் மீன் வளர்க்கும் பெண்கள் பலர் பள்ளி சென்றவர்கள் அல்லர். ஆயினும், “கயிறு கயிறா வந்தா தீனிய நிறுத்து, தண்ணியில கால்வாசிய மாத்து” என்று அவர்கள் சொல்வது பாடநூலுக்கு ஒத்ததே. அவர்கள் தடுமாறுமிடம் ஒன்றுண்டு. வெள்ளை மலத்துக்குக் காரணம் பட்டினியா, ஒட்டுண்ணியா என்பதை வெறுங்கண்ணால் அறிய இயலாது. அப்போது கடையில் கிடைக்கும் ஏதேனும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லியை வாங்கித் தொட்டியில் கொட்டுகின்றனர். ஒட்டுண்ணிக்கோ புழுவுக்கோ அது பயன்படுவதில்லை. அம்மோனியாவை மாற்றி நீரைக் காக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அது கொல்லக்கூடும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் வழியாகிறது. பணமும் போய், மீனும் போய், நீரும் கெடுகிறது.

இங்கேதான் நமக்குப் பணி இருக்கிறது. நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கிகள் செய்முறை வகுப்பு முடிந்ததும் உறையிட்டு மூடப்படுகின்றன. வாரத்தில் ஒரு நாள் மாலை ஒரு மணி நேரம் அவற்றைத் திறந்து வைத்து, சுற்றுப்புறத்தில் மீன் வளர்ப்போர் கொண்டுவரும் மாதிரிகளை ஆசிரியர் மேற்பார்வையில் நாம் பார்த்துச் சொன்னால் என்ன? நமக்கும் அது செய்முறைப் பயிற்சியாகும். நம்மால் முடியாதவற்றைத் தூத்துக்குடியில் 1977ஆம் ஆண்டு முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரி போன்ற நிறுவனங்களின் வல்லுநரிடம் கேட்டறியலாம். துறைத் தலைவர் அவர்களும் பேராசிரியப் பெருமக்களும் இவ்வேண்டுகோளைக் கருதிப் பார்க்க வேண்டுகிறேன். அனுமதி கிடைத்தால் முதல் மாதிரியைக் கொண்டுவர என் தாயார் ஆயத்தமாக இருக்கிறார்.