லேபிளைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டு

அன்புள்ள தேன்மொழிக்கு,

பெரியப்பா எழுதுவது. ஒசாகாவில் வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். விசா, குளிருக்கான உடுப்பு பற்றியெல்லாம் உனக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. மின்வாரியத்தில் காலம் தள்ளிய நான் கரண்டு சமாசாரத்தை மட்டும் சொல்கிறேன்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட்தான். அங்கே சாக்கெட்டில் தட்டையாக இரண்டு துளை இருக்கும். நம் உருண்டைப் பின் அதில் போகாது. கடையில் கேட்டால் ஒரு டிராவல் அடாப்டரை எடுத்து நீட்டுவார்கள். அது பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இது தெரியாமல்தான் பலர் வீட்டுச் சாமானை எல்லாம் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு சாமானையும் திருப்பி லேபிளைப் பார். போன் சார்ஜரில் பொடி எழுத்தில் 'இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருக்கும். லேப்டாப் சார்ஜரிலும் அநேகமாக அப்படித்தான். தாராளமாக எடுத்துப் போ. லேப்டாப்புக்குப் பெரும்பாலும் அடாப்டர்கூட வேண்டாம். கறுப்புக் கட்டியிலிருந்து சுவருக்குப் போகிற ஒயர் தனியே கழன்று வந்தால், அந்த ஒயரை மட்டும் அங்கே வாங்கிக்கொள்.

வெறும் 230 என்று போட்டிருந்தால் அது வீட்டோடு இருக்கட்டும். உன் அம்மா ஆசையாக எடுத்து வைத்திருக்கும் மிக்ஸி, வெந்நீர் போடுகிற ராடு, இஸ்திரிப் பெட்டி எல்லாம் இந்தக் கணக்குதான். வோல்ட் பாதிதானே, பாதிச் சூடாவது வரும் என்று நினைப்பாய். வராது. வோல்ட் குறையும்போது ஆம்பியரும் கூடவே குறையும். 1500 வாட் ராடு அங்கே சுமார் 280 வாட்தான் தரும். ஒரு வாளித் தண்ணீர் காய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மிக்ஸி முனகும், சட்னி அரைபடாது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான். ஆனால் 750 வாட் மிக்ஸியை இழுக்கிற டிரான்ஸ்ஃபார்மர் கல் கனம் கனக்கும். அதைச் சுமக்கிற நேரத்துக்கு அங்கேயே ஒன்று வாங்கிவிடலாம். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அங்கே சாக்கெட்டில் பெரும்பாலும் எர்த் துளை இருக்காது. அதற்காக எர்த்தே கிடையாது என்று இருந்துவிடாதே. வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் வைக்கிற இடத்தில் சாக்கெட்டின் கீழே சின்ன மூடி இருக்கும். திறந்தால் உள்ளே ஒரு திருகு. மெஷினின் பிளக் பக்கத்தில் தொங்கும் பச்சை ஒயரை அதில் முறுக்க வேண்டும். குடிபோன அன்றைக்கே முறுக்கிவிடு. தண்ணீர் புழங்கும் இடம். பிளக் உடைந்தால் ஒயரைத் துளையில் விட்டுத் தீக்குச்சி செருகுவது, மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டுச் சொருகுவது என்று நம்மூரில் சில கெட்டிக்காரத்தனங்கள் உண்டு. அதெல்லாம் அங்கே வேண்டாம். இங்கேயும் வேண்டாம், கேட்பார்தான் இல்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 1500 வாட் என்று போட்டிருப்பார்கள். அது எல்லாத் துளைக்கும் சேர்த்து. குளிர்கால ஹீட்டரும் கெட்டிலும் ஒன்றாக ஓடினாலே அந்த அளவு தாண்டிவிடும். ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் மாதக்கணக்கில் சொருகியே கிடக்கும் பிளக்கில் தூசி படியும். அதில் ஈரமும் சேர்ந்தால் இரண்டு பின்னுக்கும் நடுவே கரண்டு கசிந்து, கருகி, தீயே பிடிக்கும். அவ்வப்போது கழற்றி உலர்ந்த துணியால் துடை.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பாய். ஒரே நாட்டில் இரண்டு ஹெர்ட்ஸ். 1890களில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கினார்கள், ஒசாகாக்காரர்கள் அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கினார்கள். அதனால் இன்றைக்கும் கிழக்கே 50, மேற்கே 60. உனக்கு என்ன வந்தது என்றால், பழைய சாமான் கடையில் மலிவாக மைக்ரோவேவோ வாஷிங் மெஷினோ வாங்கும்போது 50/60 இரண்டும் போட்டிருக்கிறதா பார். 50 மட்டும் என்றால் ஒசாகாவுக்கு ஆகாது. புதிதாக எந்தச் சார்ஜர் வாங்கினாலும் 'பி.எஸ்.இ.' என்ற மின் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும்.

பவர் பேங்கைப் பெட்டியில் போட்டு அனுப்பாதே, கைப்பையில்தான் வைக்க வேண்டும். 20,000 எம்.ஏ.ஹெச். என்றால் 74 வாட்-ஹவர் வரும். 100 வரை விமானத்தில் விடுவார்கள்.

லீவில் வரும்போது அம்மாவுக்கு ரைஸ் குக்கர் வாங்கத் தோன்றும். 100 வோல்ட் குக்கரை இங்கே சொருகினால் ஐந்து மடங்குக்கு மேல் கரண்டைத் தின்று, சோறு வேகுமுன் அது வெந்துவிடும். வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே 220–240 வோல்ட்டில் செய்தவை அங்கே பெரிய கடைகளில் கிடைக்கின்றன. அதைக் கேட்டு வாங்கு. பில் போடுமுன் லேபிளை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா