விமானிப் பயிற்சிக்குப் பணம் தேடும் இளைஞருக்கு

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். எரிபொருளும் விமானமும் பயிற்றுநரும் மணிக்கணக்கில் செலவு வைப்பதால், கட்டணம் பல பத்து லட்சங்களில் போய் நிற்கிறது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இந்தப் பாதை அடைபட்டுவிடவில்லை. ஆனால் செய்ய வேண்டியவற்றை வரிசை மாறாமல் செய்வது அவசியம்.

முதலில் உடல்தகுதி. வணிக உரிமத்துக்கு, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. வழங்கும் முதல் வகுப்பு மருத்துவச் சான்று கட்டாயம். நிறப் பார்வையிலோ செவித்திறனிலோ குறை பின்னர் தெரியவந்தால், கட்டிய கட்டணம் வீணாகிக் கடன் மட்டும் மிஞ்சும். அந்தச் சான்று கைக்கு வந்த பிறகே பணம் தேடத் தொடங்க வேண்டும்.

அடுத்தது, திருப்பித் தர வேண்டாத பணம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் வணிக விமானி உரிமப் படிப்பும் அடங்கும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படக் கூடாது. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கும்படி முன்பே திருத்திக்கொண்டால் விண்ணப்பம் திரும்பி வராது.

மீதிக்குக் கல்விக்கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த விமானிப் பயிற்சிக்குக் கடன் உண்டு; வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 4 லட்சத்துக்கு மேல் போனால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதமும் வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதமும் மாணவர் தரப்பில் போட வேண்டும். 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஈடு கேட்கும். விமானிப் பயிற்சிக் கடன் பெரும்பாலும் இந்த வரம்பைத் தாண்டுவதால், வீட்டுப் பத்திரத்தை வைப்பது பற்றிக் குடும்பம் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

தவணை, படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின் தொடங்கும்; வட்டியோ பணம் கைமாறிய நாளிலிருந்தே ஓடும். எனவே பயிற்சி தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் கடனைப் பெருக்குகிறது. பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன, பயிற்றுநர்கள் எத்தனை பேர் என்பதை நேரில் பார்த்தே பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல், பறந்த மணிகளுக்கேற்பத் தவணையாகக் கட்டவும், இடையில் நின்றால் மீதியைத் திரும்பப் பெறவும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்.

உரிமத்தோடு செலவு முடிவதில்லை. பெரிய பயணிகள் விமானம் ஓட்ட, அந்த ரகத்துக்கான டைப் ரேட்டிங் தனியே தேவை. வேலை கிடைக்கவும் காலம் பிடிக்கலாம். டைப் ரேட்டிங்குக்கான தொகையையும் வேலைக்காகக் காத்திருக்கும் மாதங்களின் வட்டியையும் கடன் கேட்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.