நடுக்கம் எப்போது வருகிறது?

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் பழைய மைவி கார் நடுங்குவதாகவும், வொர்க்‌ஷாப்பில் காரைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் "ரெண்டு பக்கமும் டிரைவ் ஷாஃப்ட் மாத்தணும்" என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் காசை எடுத்து வைப்பதற்கு முன், அந்த நடுக்கம் எப்போது வருகிறது என்று நீயே பார்த்துவிடு. சாமான் மாற்றத் தெரிந்த ஃபோர்மேன்கள் ஈப்போவில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். 'எப்போது நடுங்குகிறது' என்று கேட்கிற ஆள்தான் குறைவு.

சிவப்பு விளக்கில் டி கியரில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது சீட் அதிர்ந்து, நியூட்ரலுக்கு மாற்றியதும் குறைந்தால், என்ஜின் மவுண்டிங்கைப் பார்க்கச் சொல். பிரேக் பிடித்தால் மட்டும் உதறினால் டிஸ்க். தொண்ணூறைத் தாண்டியதும் ஸ்டியரிங் ஆடத் தொடங்கி, எண்ணெய் மிதித்தாலும் காலை எடுத்தாலும் அப்படியே ஆடினால் டயர் பேலன்ஸ், இல்லையென்றால் குழியில் விழுந்து வளைந்த ரிம். பேலன்ஸ் பார்க்க ஆகும் செலவுதான் மிகக் குறைவு, அதனால் எதற்கும் முதலில் டயர் கடைக்குப் போ.

கியர்பாக்ஸிலிருந்து முன் சக்கரத்தைச் சுற்றவைக்கும் டிரைவ் ஷாஃப்ட் காட்டும் அடையாளம் வேறு. நெடுஞ்சாலையில் ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கத்தை நோக்கி ஏற்றம் தொடங்குகிறதல்லவா, அங்கே வேக வரம்புக்குள் சீராக எண்ணெய் மிதித்து ஏறிப் பார். மிதிக்கும்போது கார் இடமும் வலமுமாகக் குலுங்கி, காலை எடுத்த உடனே அடங்கிப்போனால், கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. பிறகு ஏதாவது காலித் திடலில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக வட்டமடி. 'டக் டக் டக்' என்று கேட்டால் சக்கரத்துப் பக்கத்து வெளி ஜாயிண்ட். இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தால் எந்தப் பக்கத்து ஜாயிண்ட் போயிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஒரு பக்கம்தான் போயிருந்தால் மற்றதை ஏன் மாற்ற வேண்டும்?

பாலிடெக்னிக்கில் படிக்கிறவள் நீ, காரணம் கேட்பாய். உன் டயர் 175/65 ஆர்14. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் ஓடும். மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. பேலன்ஸ் தவறிய டயர் சுற்றுக்கு ஒரு முறை உதைக்கும். உள் ஜாயிண்டில் இருப்பதோ மூன்று உருளைகள். அவை ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்துவிட்டால், பாரம் ஏறும்போது ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு மூன்று முறை பக்கவாட்டில் இழுபடும். பாரம் இல்லாவிட்டால் இழுப்பும் இல்லை, அதனால்தான் காலை எடுத்ததும் அடங்குகிறது.

முன் சக்கரம் காரை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், குழியில் ஏறி இறங்கவும் வேண்டும். சாதாரணக் கிராஸ் ஜாயிண்டை அதிகம் மடக்கினால், அது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இதற்குத் தீர்வாக 1920களில் ஃபோர்டு பொறியாளர் ஆல்ஃபிரட் செப்பா ஆறு குண்டுகளை வைத்து ஒரு ஜாயிண்டை அமைத்தார். உன் காரின் வெளி ஜாயிண்ட் அந்த வழியில் வந்தது. தோட்டத்து மானேஜர்கள் ஓட்டிய லேண்ட் ரோவரில் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் இருந்தது. அது சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றும், அதன் நோய்களும் வேறு. அதே மாதிரி ஷாஃப்ட் உள்ள ஹைலக்ஸ் வைத்திருக்கும் உன் சித்தப்பா சொல்கிற வைத்தியம் மைவிக்குப் பொருந்தாது. அவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்காதே.

இவ்வளவு கெட்டியான இரும்பைக் கொல்வது ஒரு ரப்பர் உறைதான். ஜாயிண்டின் மேல் மடிப்பு மடிப்பாக இருக்கும் பூட். அது வெடித்தால் கறுப்புக் கிரீஸ் சிதறிவிடும், செம்மண்ணும் மழைத் தண்ணீரும் உள்ளே போகும். சுங்கை சிப்புட் பக்கம் நம் பாட்டி பால்மரம் வெட்டிய இடமெல்லாம் இப்போது செம்பனையும் குடியிருப்புத் தாமானுமாகிவிட்டது. லாரிகள் குலை ஏற்றிப்போகும் அந்த மண்சாலையில் நீ வாரா வாரம் போய்வருகிறாய். டயர் கடையில் காரைத் தூக்கும்போது குனிந்து பார். ரிம்மின் உட்பக்கத்தில் கிரீஸ் வாரியடித்திருந்தால் பூட் கிழிந்திருக்கிறது. சத்தம் தொடங்குவதற்கு முன் கண்டுபிடித்தால், கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸும் பூட்டும் போட்டாலே போதும்.

இன்னொன்று. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. நம் ஆட்களில் பலரை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததே அந்த மரம்தான். ஆனால் அதன் பாலில் செய்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். அதனால் பூட்டுக்கு நியோபிரீன் மாதிரிச் செயற்கை ரப்பரோ கெட்டிப் பிளாஸ்டிக்கோதான் உதவும். என்ஜின் மவுண்டிங்கில் கதை வேறு: அதிர்வை வாங்கிக்கொண்டு உழைக்க இயற்கை ரப்பருக்குத்தான் அங்கே மவுசு.

ஷாஃப்டை மாற்றத்தான் வேண்டுமென்றால் பக்கத்தில் நின்று பார். சக்கரத்தின் நடுவிலுள்ள நட்டைக் கார் தரையில் நிற்கும்போதே தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். கீழ் பால் ஜாயிண்டைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கும் பாகத்தை வெளியே சாய்த்து, ஏபிஎஸ் வயர் இருந்தால் அது இழுபடாமல் வெளி நுனியை உருவ வேண்டும். நுனியில் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கிவிடும். உள் பக்கத்தைக் கியர்பாக்ஸ் ஓரத்தில் நெம்பி எடுப்பதுதான் முறை. ஷாஃப்டைப் பிடித்து இழுத்தால் உருளைகள் உள்ளேயே கழன்றுகொள்ளும். கியர் எண்ணெய் கொஞ்சம் கொட்டும், அளவு பார்த்துத் திரும்ப ஊற்ற வேண்டும், உன்னுடையது ஆட்டோ என்பதால் அதற்குரிய எண்ணெய். புது ஷாஃப்ட் 'டக்' என்று உட்காரும்போது எண்ணெய் சீலின் உதடு மடியக்கூடாது. கடைசியில் புது நட்டைப் போட்டு டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல், கைக்கணக்கு வேண்டாம்.

போத்தோங் கடையில் கிடைக்கும் பழைய கார்ச் சாமான் மலிவு. நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்குமுன் பூட்டை விரித்துப் பார், ஜாயிண்டைக் கையால் மடக்கி ஆட்டிப் பார். தளர்ச்சி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடு.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய ஷாஃப்டைக் கேட்டு வாங்கு. ராத்திரி காருக்கு அடியில் அட்டை விரித்து வை, காலையில் எண்ணெய்ச் சொட்டு இருந்தால் சீலுக்காக அவர்களிடமே திரும்பப் போ. மெனோரா ஏற்றத்தில் இன்னொரு முறை ஏறிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
பெரியப்பா