ஒருவர் ஆட்சியும் சிலர் ஆட்சியும்

"தாத்தா, எதேச்சாதிகாரம், சிலர் ஆட்சி இரண்டும் ஒன்றுதானே?" என்று பாடப் புத்தகத்தோடு வந்தாள் என் பேத்தி. ஒன்றல்ல. நம் இடுக்கி மலை இரண்டையுமே பார்த்திருக்கிறது.

எதேச்சாதிகாரத்தில் அதிகாரம் ஒரே கையில் குவியும். தட்டிக் கேட்க வழி இராது. 1936இல் திருவிதாங்கூர் திவானான சர் சி.பி. ராமஸ்வாமி ஐயர் நம் தமிழர்தான். மன்னர் இருந்தார், நிர்வாகம் நடந்தது திவான் சொல்லில். (பாலக்காட்டு வாசகர்கள் கவனிக்க: நம் ஊர் அப்போது சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது.) கெட்டதை மட்டும் சொல்வது நியாயமல்ல. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940இல் அவர் காலத்தில்தான் ஓடத் தொடங்கியது. ஆனால் 1946 அக்டோபரில் புன்னப்ர, வயலாரில் எதிர்த்தவர்களைத் துப்பாக்கி அடக்கியது. 1947 ஜூலை 25 அன்று அவர் வெட்டுப்பட்டு, உயிர் பிழைத்து, ஆகஸ்டில் விலகினார். தனி நாடு என்று நின்ற திருவிதாங்கூர் அந்த வெட்டு விழுந்த சில நாட்களிலேயே இந்தியாவோடு சேர இசைந்தது. ஆள் சாய்ந்தார், கொள்கையும் சாய்ந்தது.

சிலர் ஆட்சி அப்படிச் சாயாது. பணமோ நிலமோ உள்ள ஒரு சிறு கூட்டம் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒருவர் போனால் அடுத்தவர் உட்காருவார். 1877இல் ஜே.டி. மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடம் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1897இல் கம்பெனி வந்தது. வேலை, லயத்து வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் துரைமார் கையில். ரயில்கூட அவர்களுடையதே! 1902இல் ஒற்றைத் தண்டவாளம், 1908இல் இரண்டடிப் பாதை. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை போயிற்று. அங்கிருந்து ரோப்வே வழியாகப் போடி பக்கம் இறங்கியது. 1924 வெள்ளம் அந்தப் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. ரயில்காரனான எனக்கு இன்றும் அது வருத்தம்தான். வெள்ளைத் துரைமார் போனார்கள். 1971இல் சட்டம் வந்து உபரி நிலத்தை அரசு எடுத்தது. தேயிலை நிலம் தோட்டத்திலேயே நின்றது.

2005இல் அமைந்த புதிய கம்பெனியில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். ஆனாலும் 2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆனபோது, தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்தார்கள். கம்பெனியை மட்டுமல்ல, தங்கள் பேரில் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் எதிர்த்தார்கள். இதுதான் பாடத்தின் முக்கிய இடம். பங்குப் பத்திரம் கையில் இருக்கலாம், சங்கச் சந்தாவும் கட்டலாம். முடிவெடுக்கும் அறையில் இடமில்லை என்றால் அது சிலர் ஆட்சிதான். "பெண்பிள்ளை ஒருமை" என்று பெயர் வைத்துக்கொண்ட அவர்களுக்கு ஒன்பதாம் நாள் 20 சதவீதம் கிடைத்தது. 232 ரூபாய் நாள்கூலி அக்டோபரில் 301 ஆயிற்று.

"அங்கே யாரை நீக்கினால் சரியாகும், தாத்தா?" என்றாள் பேத்தி. எனக்கு ஒரு பெயர் சொல்ல வரவில்லை.