மூன்று நாடுகளும் ஒரு சுங்கவேலியும்

நுழையும்முன்

அண்டை நாடுகள் சில தமக்குள் சுங்கவரியை நீக்கிக்கொண்டு, வெளிநாட்டுப் பொருள்களுக்கு மட்டும் ஒரே அளவான வரியை விதிப்பதாக உடன்படும்போது சுங்க ஒன்றியம் பிறக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் அத்தகைய ஒன்றியம் ஒருமுறை உடைந்து, மீண்டும் உருவாகியுள்ளது. அது ஏன் உடைந்தது, மறுமுறை எதனைத் திருத்திக்கொண்டது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

நமங்கா எல்லையில்

2017 அக்டோபரில், கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் கொண்டுவரப்பட்ட 6,400 கோழிக்குஞ்சுகளைத் தான்சானிய அதிகாரிகள் நமங்கா எல்லையில் கைப்பற்றி எரித்தனர். பறவைக் காய்ச்சல் பரவக்கூடும் என்பது அவர்கள் கூறிய காரணம். அதே காலத்தில், எல்லை கடந்து மேய வந்த கென்ய மாசாய் மக்களின் மாடுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பிடிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. மாசாய் மக்கள் இரு நாடுகளிலும் வாழ்பவர்கள். புல் இருக்கும் திசையில் மந்தையை ஓட்டிச் செல்வது அவர்களது தொன்மையான வழக்கம். அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தின் நடுவே எல்லைக்கோடு பின்னாளில் வரையப்பட்டது.

பகை நாடுகளுக்கிடையே இது நிகழ்ந்திருந்தால் வியப்பதற்கில்லை. ஆனால் கென்யாவும் தான்சானியாவும் 2005 முதல் ஒரே சுங்க ஒன்றியத்தின் உறுப்பினர்கள். 2010 முதல் ஒரே பொதுச்சந்தையின் பங்காளிகள். இந்த முரண்பாட்டின் வேர் ஒரு நூற்றாண்டுக்கு முன்னே தொடங்குகிறது.

தண்டவாளம் இட்ட அடித்தளம்

ஆங்கிலேயர் 1896இல் மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து அமைக்கத் தொடங்கிய தொடர்வண்டிப் பாதை 1901இல் விக்டோரியா ஏரியை எட்டியது. ஆள் அரவமற்ற சதுப்பு நிலமாக இருந்த நைரோபி, அப்பாதையின் பண்டகசாலையாகத் தொடங்கி நகரமாக வளர்ந்தது. கடற்கரையில்லாத உகாண்டாவுக்கு வரும் பொருள்கள் எல்லாம் மொம்பாசாவில்தான் இறங்கின. ஆகவே 1917இல் கென்யாவும் உகாண்டாவும் ஒரே சுங்க அமைப்பின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. 1920களில் தங்கனிக்காவும் அதில் சேர்ந்தது. பொது நாணயமாக ஷில்லிங் புழங்கியது. அஞ்சல், தொடர்வண்டி, பின்னர் விமானம் ஆகியனவும் பொதுவாயின.

இவ்வொன்றியத்தை அம்மண்ணின் மக்கள் கேட்டுப் பெறவில்லை என்பது கருதத்தக்கது. ஆட்சி நடத்துவோரின் வசதிக்காக அது அமைந்தது. கென்ய மேட்டுநிலங்களில் வெள்ளையர் குடியேறியிருந்தமையால் ஆலைகளும் வங்கிகளும் நைரோபியைச் சுற்றியே திரண்டன.

விடுதலை நெருங்கியபோது, தங்கனிக்காவின் தலைவர் ஜூலியஸ் நைரேரே அரியதொரு முன்மொழிவை வைத்தார். மூன்று நாடுகளும் ஒரே கூட்டாட்சியாக விடுதலை பெறுமாயின், தம் நாட்டின் விடுதலையைச் சிறிது காலம் ஒத்திவைக்கவும் தாம் அணியம் என்று 1960இல் அவர் அறிவித்தார். அது நிறைவேறவில்லை. 1961இல் தங்கனிக்காவும், 1962இல் உகாண்டாவும், 1963இல் கென்யாவும் தனித்தனியே கொடியேற்றின. சுங்க ஒன்றியம் மட்டும் மரபுச்சொத்தாக எஞ்சியது.

ஒரு துணியின் கணக்கு

வரியின்றி வணிகம் செய்வது எல்லாருக்கும் நன்மைதானே என்று தோன்றலாம். 1950இல் பொருளியல் அறிஞர் ஜேக்கப் வைனர் இவ்வெண்ணத்தைச் சோதித்து, சுங்க ஒன்றியம் உறுப்பு நாடுகளுக்குத் தீங்கும் செய்யக்கூடும் என்று காட்டினார். அவரது கருத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

வெளிநாட்டுத் துணி ஒன்றின் விலை 100 ஷில்லிங். அதே துணியைக் கென்ய ஆலை 120 ஷில்லிங்குக்குத் தருகிறது. உகாண்டா எல்லாத் துணிகளுக்கும் 30 ஷில்லிங் வரி விதிக்கிறது எனில், கடையில் வெளிநாட்டுத் துணி 130, கென்யத் துணி 150. மக்கள் வெளிநாட்டுத் துணியை வாங்குவர். அந்த 130இல் 30 உகாண்டாவின் கருவூலத்தைச் சேரும். ஒன்றியம் அமைந்தபின் கென்யத் துணிக்கு வரியில்லை. மக்கள் அதனை 120க்கு வாங்குவர். வாங்குபவருக்கு 10 ஷில்லிங் மிச்சம். கருவூலத்துக்கு 30 ஷில்லிங் இழப்பு. நாடு முழுமைக்கும் பார்த்தால் துணி ஒன்றுக்கு 20 ஷில்லிங் கைவிட்டுப் போகிறது. ஆலையும் கூலியும் நைரோபியில் இருக்கின்றன.

கம்பாலாவிலும் தார் எஸ் சலாமிலும் இருந்த அமைச்சர்கள் இக்கணக்கைப் பொருளியல் நூலில் படிக்க வேண்டிய தேவையே எழவில்லை. ஆண்டுதோறும் வணிகப் பற்றாக்குறையாக அதனைக் கண்டனர். ஒன்றியத்தின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த 20 ஷில்லிங்கை யார் ஈடுசெய்வது என்ற வழக்காகவே நடந்தது எனலாம்.

கூடியதும் பிரிந்ததும்

1967 ஜூன் 6 அன்று கம்பாலாவில் கையெழுத்தான உடன்படிக்கை கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தை முறைப்படி நிறுவியது. அதன் ஆக்கியோர் அறியாமையால் தவறிழைத்தவர் அல்லர். கென்யாவிலிருந்து வரும் ஆலைப் பொருள்கள் சிலவற்றின்மீது உகாண்டாவும் தான்சானியாவும் ஒரு மாற்றுவரி விதித்துத் தம் புதிய தொழில்களைக் காத்துக்கொள்ள அது இடமளித்தது. பொது வளர்ச்சி வங்கி ஒன்று அமைக்கப்பட்டது. மூன்று நாடுகளும் சம அளவில் முதலிட்ட அவ்வங்கியின் கடனுதவியில் தான்சானியாவுக்கும் உகாண்டாவுக்கும் தலா 38.75 விழுக்காடும் கென்யாவுக்கு 22.5 விழுக்காடும் என வரையறுக்கப்பட்டது. நைரோபியில் குவிந்திருந்த தலைமையகங்கள் பிரிக்கப்பட்டன. துறைமுகக் கழகம் தார் எஸ் சலாமுக்கும், அஞ்சல் கழகம் கம்பாலாவுக்கும், சமூகத்தின் தலைமையகம் அருசாவுக்கும் சென்றன.

ஆயினும் ஈடு சிறிதாகவும் ஏற்றத்தாழ்வு பெரிதாகவும் இருந்தன. கென்யா தனியார் முதலீட்டை நாடியது. தான்சானியா அதே 1967இல் அருசாப் பறைசாற்றத்தின் வழியே பொதுவுடைமை நெறியைத் தேர்ந்தது. 1971 ஜனவரியில் இடி அமீன் படைப்புரட்சியால் உகாண்டாவைக் கைப்பற்றினார். அவருடன் ஒரே மேசையில் அமர நைரேரே மறுத்தமையால் மூன்று தலைவர்களின் உயர்மன்றம் அதன்பின் கூடவேயில்லை. தலைவர்கள் கூடித் தீர்க்க வேண்டிய சிக்கல்கள் கோப்புகளில் தேங்கின.

1977 தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்க விமான நிறுவனம் நின்றுபோனது. கென்யா தனக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. பிப்ரவரியில் தான்சானியா கென்ய எல்லையை மூடியது. ஜூன் இறுதிக்குள் சமூகத்தின் வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் கிட்டாமையால் ஜூலையில் அது கலைந்தது. நமங்கா எல்லை 1983 வரை திறக்கப்படவில்லை.

சொத்தைப் பிரிப்பதற்கு ஸ்விட்சர்லாந்து நாட்டவரான விக்டர் உம்பிரிக்ட் நடுவராக இருந்தார். பணி நெடிது சென்றது. 1984இல் கென்யாவுக்கு 42, தான்சானியாவுக்கு 32, உகாண்டாவுக்கு 26 விழுக்காடு என்று முடிவாயிற்று. அப்பாகப்பிரிவினை ஆவணத்திலேயே, எதிர்காலத்தில் மீண்டும் ஒத்துழைக்கும் துறைகளைத் தேடுவோம் என்றொரு விதியும் இடம்பெற்றது.

இரண்டாம் முயற்சி

அவ்விதி வீண்போகவில்லை. 1999 நவம்பர் 30 அன்று அருசாவில் புதிய உடன்படிக்கை கையெழுத்தாகி, அடுத்த ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2005 ஜனவரியில் தொடங்கிய சுங்க ஒன்றியம் பழைய பாடத்தை மறக்கவில்லை. உகாண்டா, தான்சானியாப் பொருள்கள் உடனே வரியின்றிக் கென்யாவுக்குள் சென்றன. கென்யாவின் பொருள்கள் பலவற்றுக்கு மட்டும் மற்ற இரு நாடுகளும் வரி விதித்து, அதனை ஐந்தாண்டுகளில் படிப்படியாக நீக்கின. வெளிநாட்டுப் பொருள்களுக்கான பொதுவரி மூன்று படிகளில் அமைந்தது: மூலப்பொருளுக்கு வரியில்லை; இடைநிலைப் பொருளுக்கு 10 விழுக்காடு; முழுமையுற்ற பொருளுக்கு 25 விழுக்காடு.

வரிப்பணத்தைப் பொதுப் பேழையில் இட்டுப் பங்கிடும் வழியை இவ்வொன்றியம் மேற்கொள்ளவில்லை. 1910இல் தோன்றிய தென்னாப்பிரிக்கச் சுங்க ஒன்றியம் அவ்வாறே செய்கிறது. லெசோத்தோ, எஸ்வாட்டினி ஆகிய சிறு நாடுகளின் அரசு வருவாயில் பெரும்பகுதி அப்பேழையிலிருந்தே வருகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவிலோ, பொருள் எந்நாட்டில் நுகரப்படுகிறதோ அந்நாட்டுக்கே வரி சேரும். 2014 முதல் உகாண்டா, ருவாண்டா நாடுகளின் வரி அதிகாரிகள் மொம்பாசாவிலேயே அமர்த்தப்பட்டு, சரக்கு துறைமுகத்தை விட்டுப் புறப்படுமுன் வரி பெறப்படுகிறது. கம்பாலாவுக்குச் செல்லும் சரக்குந்து முன்பு பல இடங்களில் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டது. பதினெட்டு நாள் வரை நீண்ட அப்பயணம் ஏறத்தாழ நான்கு நாளாகச் சுருங்கியது. ஓட்டுநர் ஒருவர் இரு வாரங்களை மீட்டுக்கொண்டார் என்பது சிறிய செய்தியன்று.

2007இல் ருவாண்டாவும் புருண்டியும், 2016இல் தென்சூடானும், 2022இல் காங்கோ மக்களாட்சிக் குடியரசும், 2024இல் சோமாலியாவும் இணைந்தன. உறுப்பினர் எண்ணிக்கை பெருகியதே தவிர, எல்லை மூடும் பழக்கம் அற்றுப்போகவில்லை. உகாண்டாவுடனான முதன்மை எல்லைச் சாவடியை 2019இல் மூடிய ருவாண்டா, 2022இல்தான் அதனைத் திறந்தது. 2021 மார்ச்சில் பூஞ்சை நச்சைக் காரணங்காட்டி உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்தைக் கென்யா தடைசெய்து, சில நாள்களில் தளர்த்தியது. வரி மறைந்த இடத்தில் நோய்த்தடுப்பு, தரச்சான்று, பாதுகாப்பு என்னும் பெயர்களில் தடைகள் எழுகின்றன. அவற்றுள் உண்மையானது எது, சாக்கு எது என்று பிரித்தறிவது எளிதன்று. சோளத்தில் நச்சு இருப்பதும் உண்டு.

பொதுவரியும் உறுதியாக நிற்கவில்லை. 2022 ஜூலையில் 35 விழுக்காடு என நான்காம் படி சேர்க்கப்பட்டது. அரிசிக்கோ சர்க்கரைக்கோ இரும்புக்கோ ஓராண்டு வேறு வரி விதித்துக்கொள்ள உறுப்பு நாடுகள் இசைவு கேட்பதும் பெறுவதும் வழக்கமாகிவிட்டது. முதல் சமூகம் வரவுசெலவுக்கு ஒப்புதல் கிட்டாமல் உடைந்த அதே ஜூன் இறுதியில், ஆண்டுதோறும் அவ்விதிவிலக்குகளின் பட்டியல் சமூகத்தின் அரசிதழில் பல பக்கங்களுக்கு வெளியாகிறது.